காதால் படிக்கிற விளையாட்டு

மோர்ஸ் என்றவுடன் எங்களில் கனபேருக்கு ஞாபகம் வருவது புள்ளியும் கோடும் போட்ட ஒரு அட்டவணை. சாரணர் பரீட்சைக்காகப் பாடமாக்குவோம், அடுத்த கிழமை மறந்துபோவோம். தந்தி அறைகளில் வேலை செய்தவர்களுக்கு இந்த அட்டவணையால் பெரிய பிரயோசனம் இருந்ததில்லை. 1844 இல் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குச் செய்தி போனபோது, அதை வாங்கிய இயந்திரம் கடதாசி நாடாவில்தான் அடையாளம் போட்டது. ஆனால் கொஞ்சக் காலத்திலேயே வேலையாட்கள் நாடாவைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். இயந்திரம் அடிக்கிற சத்தத்தைக் கேட்டே எழுதிக்கொண்டு போனார்கள்.

அப்ப காதை எப்படிப் பழக்குவது?

பிரையன், ஹார்ட்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் தந்தி பழகுகிறவர்களின் வேகத்தை அளந்து வரைபு கீறினார்கள். கட்டுரைகள் 1897 இலும் 1899 இலும் வெளிவந்தன. அனுப்புகிற வேகம் சீராக ஏறியது. கேட்கிற வேகமோ ஓரிடம் வரைக்கும் ஏறி, அங்கேயே நின்று, கனகாலம் கழித்துத்தான் மறுபடி ஏறியது. தனித்தனி எழுத்தாகக் கேட்கிறவர் சொல்லாகக் கேட்கத் தொடங்குமட்டும் இந்தத் தேக்கம் இருக்கும் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

1936 இல் ஜெர்மனியின் லுட்விக் கொக் வேறு வழியால் வந்தார். மெதுவாகத் தொடங்குவதே பிழை என்றார். மெதுவாகக் கேட்டால் மனம் புள்ளிகளை எண்ணும், பிறகு தலைக்குள் இருக்கிற அட்டவணையில் தேடும். ஆகவே முதல் நாளே முழு வேகம், ஆனால் இரண்டே இரண்டு எழுத்து. 90 வீதம் சரியாக வந்தால் மூன்றாவதைச் சேர்க்கலாம். இன்றைய பயிற்சி மென்பொருட்கள் பல இதைத்தான் செய்கின்றன.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க இராணுவத்துக்குப் பெருந்தொகையான தந்தியாட்கள் தேவைப்பட்டார்கள். அங்கே பிரெட் கெல்லர் என்ற உளவியலாளர் செய்தது மிக எளிமையான விஷயம்: ஓர் எழுத்தின் சத்தம், எழுத ஒருசில செக்கன், உடனே விடை. பாடம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பிழை விட்டது அந்த இடத்திலேயே தெரியும். இதே கெல்லர் 1958 இல் பிரையனும் ஹார்ட்டரும் சொன்ன அந்தத் தேக்கத்தையே ஒரு ‘மாயம்’ என்று எழுதினார். எங்களுக்கு இது பிடித்திருக்கிறது. அறுபது வருடமாகப் பாடநூல்களில் இருந்த ஒரு வளைகோட்டை, வகுப்பறையில் நின்றவர் ஒருவர் வந்து கேள்வி கேட்கிறார்.

இனிக் கணனி விளையாட்டுக்கு வருவோம். வானொலி ஆர்வலர்களிடம் பிரபலமான ‘றுஃப்ஸ்’ டொஸ் காலத்திலேயே ஜெர்மனியில் பிறந்தது. பெயரின் அர்த்தம் அழைப்புக்குறி கேட்டல். 50 அழைப்புக்குறிகள் ஒலிக்கும். சரியாகத் தட்டினால் அடுத்தது வேகமாக வரும், பிழைத்தால் மெதுவாகும். செய்தவர் கெல்லரை வாசித்தாரோ தெரியாது, ஆனால் கெல்லரின் வாத்தியார் பெட்டிக்குள் இருக்கிறார். ‘மோர்ஸ் ரன்னர்’ இதைவிடக் குழப்படி. ஒரே நேரத்தில் பல நிலையங்கள் கூப்பிடும், இரைச்சல் வரும், சத்தம் மங்கும். ஒழுங்காக இயக்கத் தெரியாதவர்கள் குறுக்கே விழுவதைக்கூட அதில் போட்டிருக்கிறார்கள்! அதிவேகத் தந்திப் போட்டிகளில் இந்த இரண்டுமே உத்தியோகபூர்வமாகப் பாவிக்கப்படுகின்றன.

இவ்வளவுக்கும் மோர்ஸ் இப்போது கட்டாயமில்லை. அமெரிக்காவில் ஒருகாலத்தில் அனுமதிப்பத்திரத் தரத்துக்கேற்ப நிமிடத்துக்கு 5, 13, 20 சொல் என்று பரீட்சை வைத்தார்கள். 2003 ஜெனீவா மாநாடு அந்தச் சர்வதேசக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. 2007 இல் அமெரிக்காவும் கைவிட்டது. மோர்ஸ் செத்துவிடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். நடந்தது வேறு. குரலுக்கு இரண்டரை கிலோஹேர்ட்ஸ் அளவு அகலம் வேண்டும், மோர்ஸுக்கு ஒருசில நூறு ஹேர்ட்ஸ் போதும். குறைந்த சக்தியில் தூரம் போகிற வித்தையை ஆட்கள் விரும்பித்தான் பழகுகிறார்கள்.

எங்கட பக்கத்தில் இந்த ஆர்வத்துக்குப் பெரிதாக இடம் இருக்கவில்லை. 90களில் வடக்கில் பற்றரியே தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் சனம் செய்தி கேட்டது. அந்த நிலைமையில் ஒலிபரப்புக் கருவி வைத்திருப்பதைப் பொழுதுபோக்கு என்று யார் சொல்லியிருக்க முடியும்? இன்றும் அதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் தேவை. விளையாட்டுக்கு அது தேவையில்லை, அன்டெனாவும் தேவையில்லை. காதைப் பழக்கிவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

றுஃப்ஸில் எப்போதாவது இலங்கையின் 4எஸ்7 வரலாம். நாலு குறில் ஒரு நெடில், மூன்று குறில், பிறகு இரண்டு நெடில் மூன்று குறில். நிமிடத்துக்கு 40 சொல் வேகத்தில் இது ஏறத்தாழ ஒரு செக்கனில் கடந்துவிடும். அதற்குப் பின்னால் வருகிற இரண்டு மூன்று எழுத்தையும் பிடிக்கவேண்டும்.