கடலேரிக் காற்றும் குளிரூட்டிக் குழாயும்: கொழும்புத்துறைக்கு ஒரு கணக்கு

கொழும்புத்துறைக்குத் தெற்கே யாழ்ப்பாணக் கடலேரி. சோளகம் வீசும் மாதங்களில் உப்பீரம் நேரே கரையேறும். கண்டென்சரின் செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொடும் இடத்தில் அது படிந்தால், முதலில் அரிபடுவது அலுமினியமே. எனவே இங்கே மீனுக்கோ இறாலுக்கோ குளிர்நீர் தரும் சில்லரை நிறுவுபவர், கண்டென்சரைப் பிரித்தெடுத்துக் கூரையின் வடபுறத்தில், காற்று மறைவில் வைப்பது நியாயம். ஆனால் இடையில் ஓடும் குழாயை எந்தச் சுமைக்கு அளவிடுவது? முழுச் சுமைக்கு என்பதே வழக்கமான பதில். அது பாதிதான் சரி.

கொம்பிரசரிலிருந்து வாயுவோடு கொஞ்சம் எண்ணெயும் எப்போதும் வெளியேறும். செங்குத்துக் குழாயில் அதை மேலே இழுத்துச் செல்ல வாயு செக்கனுக்கு ஏறக்குறைய 5 மீற்றர் வேகத்திலாவது ஓடவேண்டும். கிடைக் குழாயில் 2.5 மீற்றர் போதும். ஆர்-134ஏ வாயுவில் இயங்கும் 70 கிலோவாட் சில்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆவியாதல் 2 பாகை, ஒடுங்கல் 48 பாகை. வெளியேறும் சூட்டு வாயு 1 3/8 அங்குலச் செப்புக் குழாயில் முழுச் சுமையில் ஏறத்தாழ 12 மீற்றர் வேகத்தில் போகும். 25 மீற்றர் நீளத்துக்கு அழுத்த இழப்பு ஒரு பாகைக்குச் சற்றே மேல், ஏற்கத்தக்கது. கொம்பிரசர் 25 வீதத்துக்கு இறங்கினால் வேகம் 3 மீற்றருக்கும் குறையும். கிடையில் எண்ணெய் நகரும், ஏற்றத்தில் நகராது. "எதற்கும் ஒரு சைஸ் கூட்டிப் போடுவோம்" என்று 1 5/8 அங்குலம் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதே கொம்பிரசரை எண்ணெயின்றி வாட்டும்.

தீர்வு, ஏற்றத்தில் மட்டும் இரட்டைக் குழாய்: 7/8 அங்குலம் ஒன்று, 1 1/8 அங்குலம் ஒன்று. சுமை குறையும்போது பெரியதன் அடி வளைவில் எண்ணெய் தேங்கி அதை அடைத்துவிட, வாயு முழுவதும் சிறியதில் 7 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஏறும். முழுச் சுமையில் இரண்டும் திறந்திருக்கும். கண்டென்சர் வாசலில் ஒருவழி வால்வு அவசியம். இல்லாவிட்டால் நின்ற இயந்திரத்துக்குள் திரவம் திரும்பி வடியும்.

திரவக் குழாயில் கூரை நமக்குச் சாதகம். இறங்கும் ஒவ்வொரு மீற்றரும் ஏறத்தாழ 11 கிலோபாஸ்கல் அழுத்தத்தைக் கூட்டும். கண்டென்சரைச் சில்லரைவிட 6 மீற்றர் தாழ்வாக வைத்தால், அதே கணக்கில் இரண்டு பாகைக்கு மேல் உபகுளிர்ச்சி பறிபோகும்.

வெளிநாட்டுக் கைநூல்கள் குளிர்காலத்துக்காகக் கண்டென்சரைத் திரவத்தால் நிரப்பும் ஏற்பாட்டை விரித்துப் பேசும். மார்கழி இரவிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழே அரிதாகவே போகும் யாழ்ப்பாணத்தில் அது வீண் செலவு. மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாலே போதும்.

கேள்விப்பத்திரம் எழுதுவோர் குழாயின் விட்டத்தோடு, மிகக் குறைந்த சுமையில் ஏற்றக் குழாயின் வாயு வேகத்தையும் கேட்டுப் பெறவேண்டும். அந்த எண்ணைத் தராதவரின் விலையை ஒப்பிடவே தேவையில்லை.