கொங்கணத்தின் நீர்வழியும் இருப்புவழியும்

புணே நகரில் வாழும் தமிழர்களாகிய நாம், விநாயக சதுர்த்தி நெருங்குங்கால் கொங்கணத்து மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊருக்குப் புறப்படுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். 'சாகர்மானி' என்பது அவர்களுக்கு மராத்தியில் வழங்கும் பெயர். வேலையின்பொருட்டு ஊரை விட்டு வந்தவர் என்பது கருத்து. பொங்கலுக்கு ஊர் செல்லத் துடிக்கும் நமக்கு அவர்கள் மனநிலை புரியாததன்று. அவர்கள் முன்னாளில் எவ்வழியே சென்றனர், இந்நாளில் எவ்வழியே செல்கின்றனர் என்னும் வரலாறு, கடற்கரை நாட்டுக்கு ஏற்ற வழி எது என்னும் பெரிய கேள்விக்கு விடை தரவல்லது.

சஹ்யாத்திரி மலைக்கும் அரபிக் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலமே கொங்கணம். மலையில் பிறக்கும் ஆறுகள் சிறிது தொலைவே ஓடி, அகன்ற கழிமுகங்களாகக் கடலிற் கலக்கின்றன. தாபோல், ஜெய்கட், விஜயதுர்க் முதலிய பழைய துறைகள் இக்கழிமுகங்களில் அமைந்தவையே. கடலோரமாகச் சாலை அமைப்பவனுக்கு ஒவ்வொரு கழியும் தடை; படகு செலுத்துபவனுக்கோ அதுவே துறை. இந்த உண்மையை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

புணே மாவட்டத்து ஜுன்னருக்கு அருகே நாணேகாட் என்னும் கணவாய் இருக்கிறது. சாதவாகனர் காலத்தில் சோபாரா, கல்யாண் துறைகளில் இறங்கிய சரக்கு இவ்வழியே மேட்டு நிலத்துக்கு ஏறிற்று. நாகனிகை அரசியின் கல்வெட்டு அங்குள்ள குகையில் இன்றும் உள்ளது. சுங்கம் இடுவதற்கு வைத்தது என்று சொல்லப்படும் பெரிய கற்சாடியும் அங்கே நிற்கிறது. சிலப்பதிகாரம் குறிப்பிடும் நூற்றுவர் கன்னர் இச்சாதவாகனரே என்பது அறிஞர் பலரின் கருத்து. கடலோரம் நெடுகக் கப்பல், மலையேறப் பொதிமாடு என்பதே அக்காலத்து ஏற்பாடு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி வந்தது. 1863-இல் போர்காட் மலைவழியே இருப்புப்பாதை ஏறி மும்பையையும் புணேயையும் இணைத்தது. கீழேயிருந்த தென் கொங்கணத்துக்கோ நீராவிக் கப்பலே கிடைத்தது. மும்பைப் பஞ்சாலைகளுக்கு ரத்தினகிரி மாவட்டம் அனுப்பிய தொழிலாளர் பல்லாயிரவர் அக்கப்பல்களிலேயே சென்று மீண்டனர்.

அவ்வழிக்கு ஆபத்தும் இருந்தது. 1947 ஜூலை 17 அன்று, ஆடி பிறக்கும் வேளையில், மும்பையிலிருந்து ரேவஸ் நோக்கிச் சென்ற 'ராமதாஸ்' கப்பல் பருவக்காற்றின் கொந்தளிப்பில் கவிழ்ந்தது. 600 பேருக்கு மேல் மாண்டனர். கரை கண்ணுக்கெட்டும் தொலைவில் நேர்ந்த அச்சாவு கொங்கணத்து வீடுகளில் நெடுங்காலம் பேசப்பட்டது. பழைய கப்பல் போக்குவரத்து மெல்ல மெல்லத் தேய்ந்து, இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் நின்றுபோயிற்று. மக்கள் சாலையை நம்பினர்.

அந்நிலையில் எழுந்ததே கொங்கண் இருப்புப்பாதை. ஜார்ஜ் பெர்னாண்டஸ் ரயில்வே அமைச்சராயிருந்த 1990-இல் இதற்கெனத் தனிக் கழகம் நிறுவப்பட்டது, ஈ. ஸ்ரீதரன் அதன் முதல் தலைவரானார். மத்திய அரசுடன் மகாராஷ்டிரம், கோவா, கருநாடகம், கேரளம் ஆகிய 4 மாநிலங்களும் முதலீட்டில் பங்கேற்றன. ஏறத்தாழ 740 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை 90-க்கு மேற்பட்ட சுரங்கங்களைக் கடந்து செல்கிறது. ரத்தினகிரிக்கு அருகே பன்வல் ஆற்றுப் பாலம் 64 மீட்டர் உயரம் உடையது. 1998 ஜனவரி 26 அன்று பாதை முழுமையும் திறக்கப்பட்டது. போர்காட்டில் ரயில் ஏறி 135 ஆண்டுகள் கழிந்த பின்னரே கொங்கணம் தன் ரயிலைக் கண்டது.

அடுத்த ஆண்டே ஒரு புதுமை நிகழ்ந்தது. ராய்கட் மாவட்டத்துக் கோலாடிலிருந்து கோவாவின் வெர்ணா வரை, சுமையேற்றிய லாரிகளை அப்படியே ரயிலின் தட்டை வண்டிகளில் ஏற்றிச் செல்லத் தொடங்கினர். ஓட்டுநர் தம் லாரியிலேயே அமர்ந்து வருவார். எண்ணெய் மிச்சம், சாலையின் நெரிசலும் குறைவு. இதற்கு மாறாக, 2011-இல் தொடங்கிய மும்பை–கோவா நெடுஞ்சாலை விரிவுப் பணி பத்தாண்டுகள் கடந்தும் முடியாமல் இழுத்தது.

ரயில் குறையற்றது என்று நாம் கூறவில்லை. கோவாவில் உப்புநீரை அணையிட்டுத் தடுத்துப் பயிரிடும் கஜன் நிலங்கள் கெடும் என்று மக்கள் எதிர்த்துப் போராடினர். 2003 ஜூனில் வைபவ்வாடி அருகே பாறை சரிந்து ரயில் தடம் புரண்டதில் 50 பேருக்கு மேல் உயிரிழந்தனர். கடலாயினும் மலையாயினும், பருவமழையை மதியாத வழி உயிரை வாங்கும்.

கைவிடப்பட்ட நீர்வழியின் கதை நம் தமிழகக் கடற்கரையிலும் உண்டு. 1806-இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டத் தொடங்கினார். தாது வருடப் பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியைப் பசித்த மக்கள் கூலிக்கு வெட்டினர். 1878-இல் ஆளுநர் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை 400 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட அவ்வழியே அரிசியும் உப்பும் விறகும் படகேறி வந்தன. 1965, 1966-ஆம் ஆண்டுகளின் புயல்கள் அதைச் சிதைத்தன. பின்னர் நகரின் கழிவுநீர் நிறைந்தது. பறக்கும் ரயிலின் தூண்களும் அதனுள்ளேயே ஊன்றப்பட்டன. 2008-இல் தேசிய நீர்வழி என்னும் பெயர் கிடைத்தும் சென்னையில் சரக்குப் படகு திரும்பவில்லை. பழுதுபார்க்காத வழி, வழியாக நிலைப்பதில்லை.

இன்று கொங்கணத்தில் ரேவஸிலிருந்து ரெடி வரை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் கடற்கரைச் சாலைத் திட்டம் பேசப்படுகிறது. கழிமுகங்கள்தோறும் பாலம் வேண்டும். மறுபுறம், 2020 முதல் மும்பையிலிருந்து மாண்ட்வாவுக்கு வண்டிகளையும் மக்களையும் ஏற்றிக் கப்பல் ஓடுகிறது. பயண நேரம் ஏறத்தாழ ஒரு மணி.

சாலையே வேண்டா என்பது நம் கருத்தன்று. நோயாளியை மருத்துவமனைக்கும், மாங்கனியை நிலையத்துக்கும், மீனைச் சந்தைக்கும் கொண்டுசெல்லச் சிறு சாலைகள் வேண்டும். நெடுந்தொலைவுச் சுமையை இருப்புவழியும் நீர்வழியும் தாங்கட்டும். துறைகளைத் தூர்வாருவதற்கும் மலைச்சரிவுகளைக் காப்பதற்கும் ஆண்டுதோறும் பொருள் ஒதுக்கப்படட்டும். புதிய பாலத்துக்குக் கால்கோள் இடுமுன், அக்கழியில் முன்பு படகு ஓடியதா, ஓடியிருந்தால் ஏன் நின்றது என்று கேட்பதே திட்டமிடுவோரின் முதற்கடமை எனக் கொள்வோம்.