விலாங்கும் வெர்னாச்சாவும்

போப்பாண்டவர் நான்காம் மார்ட்டினை உத்தரிக்கிற ஸ்தலத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர் தாந்தே. 'டிவைன் காமெடி'யின் இரண்டாம் பாகம், 24ஆம் காண்டம். பெருந்தீனிக்காரர்கள் பட்டினி கிடந்து பாவம் தீர்க்கும் இடம் அது. அங்கே அந்தப் பிரெஞ்சுக்காரர் பொல்சேனா ஏரியின் விலாங்குக்கும் வெர்னாச்சா ஒயினுக்கும் பரிகாரம் செய்துகொண்டிருக்கிறார். 1285இல் இறந்தவர். விலாங்குகளை உயிரோடு வெர்னாச்சாவில் மூழ்கடித்த பிறகே அவருக்குச் சமைப்பார்கள் என்று தாந்தேயின் பழைய உரைகாரர்கள் கதை சொல்கிறார்கள்.

தாந்தே எந்த ஊர் வெர்னாச்சா என்று சொல்லவில்லை. அந்தக் காலத்தில் லிகூரியாக் கடலோரத்துக் கொர்னீலியாவிலும் அந்தப் பெயரில் புகழ்பெற்ற ஒயின் உண்டு. தஸ்கனியின் சான் ஜிமிஞானோக்காரர்களோ அது தங்களுடையதுதான் என்பார்கள். பல வருடமாக இந்தப் பக்கத்துச் சமையலறைகளில் நிற்கிற நானும் அவர்கள் கட்சிதான். 1276இலேயே அந்த ஊர் வெர்னாச்சாவுக்குத் தீர்வை விதித்திருக்கிறது. கைமாறாத சரக்குக்கு யாரும் வரி போடமாட்டார்கள்.

என் கட்சிக்கு இன்னொரு பலம், சாலை. வடக்கேயிருந்து ரோமாபுரிக்குப் போன யாத்திரிகர் பாதையான வியா ஃபிரான்சிஜெனா சான் ஜிமிஞானோ வழியாகப் போய், தெற்கே பொல்சேனா ஏரிக்கரையைத் தொடும். 990 வாக்கில் ரோமாபுரி போய்த் திரும்பிய காண்டர்பரி பேராயர் சிகெரிக் தங்கிய இடங்களின் பட்டியலில் இரண்டு ஊரும் இருக்கின்றன. மீன் ஒரு முனையில், ஒயின் மறுமுனையில், நடுவே திருச்சபையின் ஆட்கள் நடந்துகொண்டே இருந்தார்கள்.

தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவளுக்கு விலாங்கும் வெர்னாச்சாவும் சேர்ந்ததற்கான மீதிக் காரணம் சட்டென்று பிடிபடும். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், இறைச்சி கூடாது, மீன் ஆகும். இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலமும் ஒருசந்தி நாட்களுமாக வருடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான் கழிந்தது. இறைச்சியில்லாத நாளில் இறைச்சியின் கொழுப்பைத் தருகிற மீன் விலாங்கு. அந்தக் கொழுப்பை நாக்கிலிருந்து வழித்தெடுக்கப் புளிப்புள்ள வெள்ளை ஒயின் வேண்டும். வெர்னாச்சா அந்த வேலையைச் செய்யும். விழுங்கிய பின் பாதாம் தோலைக் கடித்தது போன்ற ஒரு கசப்பு நிற்கும். அடுத்த வாய் மீனை அந்தக் கசப்புதான் கேட்கிறது. ஆதியில் கடலடியாக இருந்த மணலிலும் களியிலும் வேர்விட்ட கொடி அது. தோட்டத்தைக் கிளறினால் இன்றும் சிப்பி அகப்படும்.

தாந்தேக்குப் பின் போக்காச்சியோ. 1348 கொள்ளைநோய்க்குப் பிறகு எழுதிய 'டெக்கமரான்' கதையொன்றில் பெங்கோதி என்று ஒரு கற்பனை நாடு. அங்கே துருவிய பார்மிஜானோ பாலாடைக்கட்டி மலையாகக் குவிந்திருக்கும். உச்சியில் இருப்பவர்கள் மக்ரோனியையும் ரவியோலியையும் சேவல் ரசத்தில் வேகவைத்து உருட்டிவிடுவார்கள். பக்கத்திலேயே ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காத வெர்னாச்சா ஓடையாக ஓடும். விரதநாள் மேசையிலிருந்து இந்த ஒயின் விருந்துக் கனவுக்கு ஏறிவிட்டது என்று நான் இதைப் படிக்கிறேன்.

நிஜ ஊரின் கதி வேறு. குங்குமப்பூ வியாபாரத்தில் செழித்து எழுபதுக்கும் மேல் கோபுரங்கள் கட்டிய சான் ஜிமிஞானோ, கொள்ளைநோயில் நொடிந்து 1353இல் ஃபிளாரன்ஸுக்குப் பணிந்தது. யாத்திரிகர் சாலையும் பள்ளத்தாக்குக்கு இறங்கிப்போயிற்று. கோபுரங்களில் இன்று நிற்பவை 14. பின்வந்த நூற்றாண்டுகளில் வெர்னாச்சாவும் மங்கியது. தஸ்கனி என்றால் சிவப்பு ஒயின் என்றாயிற்று. ஆனாலும் 1966இல் இத்தாலி தன் புதிய ஊர்ப்பெயர்க் காப்புத் தகுதியை முதன்முதலாக ஓர் ஒயினுக்குக் கொடுத்தபோது, அந்த இடம் இந்த வெள்ளை ஒயினுக்கே கிடைத்தது. 1993இல் அதற்கும் மேலான உத்தரவாதத் தகுதியும் வந்தது.

பொல்சேனாவில் வெர்னாச்சா ஊற்றிச் சமைக்கும் விலாங்கு இன்றும் உண்டு. நான் அதைச் சமைப்பதை விட்டுவிட்டேன். ஐரோப்பிய விலாங்கு இன்று அற்றுப்போகும் விளிம்பில் இருக்கிறது. அதற்குப் பதில் எண்ணெயில் பொரித்த சின்ன மீன்களையும் கணவாயையும் வைக்கிறேன். முயல் வறுவலுக்கும் இளம் பெகோரினோ ஆட்டுப்பாலாடைக்கட்டிக்கும், ஆலிவ் எண்ணெய் ஊற்றிய வெள்ளை பீன்ஸுக்கும் வெர்னாச்சா சேரும். தக்காளியைச் சுண்டக் காய்ச்சிய மீன் குழம்போடு மட்டும் இதை யாருக்கும் ஊற்றமாட்டேன். இரண்டு புளிப்பும் மோதி மீனின் ருசியே தெரியாமல் போகும்.