ஸ்டோர் தூசியும் தீராத கமறலும்

மலையகத் தேயிலையின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மலைச்சரிவிலேயே நின்றுவிடுகிறார்கள். கொழுந்துக்கூடை, அட்டைக்கடி, கங்காணியின் அதட்டல், லயத்துக் குளிர் எல்லாம் அந்தக் கதையில் உண்டு. கொழுந்து ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், போன பிறகு, அங்கே நின்று உழைத்தவர்களின் தொண்டைக்கும் நெஞ்சுக்கும் என்ன ஆனது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் அதுவரை அங்கே விளைந்த கோப்பியை அழிக்க, அடுத்த இருபது ஆண்டுகளில் திம்புள்ள, டிக்கோயா, நுவரெலியா மலைகளைத் தேயிலை மூடியது. கூடவே மாடி மாடியாக ஸ்டோர்களும் எழுந்தன. மேல்மாடிகளில் கொழுந்தை வாட்டுவார்கள். கீழே உருட்டி, புளிக்கவைத்து, சூட்டில் காயவைப்பார்கள்.

வாட்டும்போதும் உருட்டும்போதும் இலையில் ஈரம் இருக்கும். தூசி அவ்வளவாக எழாது. காய்ந்த தேயிலை சல்லடைக்கு வந்ததும் நிலைமை மாறிவிடும். பெரிய இலை, சிறிய இலை, தூள் என்று தரம் பிரிக்க இயந்திரம் ஓயாமல் குலுக்கும். இளங்கொழுந்தின் மேலிருந்த மெல்லிய ரோமங்கள் உதிர்ந்து, பஞ்சு போன்ற பழுப்புத் தூசியாகக் கூடம் முழுக்கப் பறக்கும். கூட்டி அள்ளுவதும் பெட்டியில் நிரப்புவதும் அதே காற்றில்தான்.

தூசியால் வரும் தொண்டை நோய் உலகுக்குப் புதிதல்ல. தானியம் சலிப்பவர்களின் தொண்டையும் நுரையீரலும் கெடுவதை இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700இலேயே எழுதிவிட்டார். இன்னோர் இத்தாலியரான ஆல்டோ காஸ்டெல்லானி 1903இல் கொழும்புக்கு வந்து, பன்னிரண்டு ஆண்டுகள் நுண்ணுயிரியல் ஆய்வு நடத்தினார். தேயிலை ருசி பார்ப்பவர்களிடம் ஒரு விடாத இருமலைக் கண்டு, இலையோடு உள்ளே போகும் பூஞ்சையே அதற்குக் காரணம் என்று அவர் கருதினார். உலர்ந்த இலையை மூக்கோடு வைத்து முகர்வது அந்தத் தொழிலின் அன்றாடம்.

1970இல் டாக்டர் சி. ஜி. உரகொட, தேயிலைப் பஞ்சுத் தூசியால் ஆஸ்துமா வந்த ஒரு டீமேக்கரைப் பற்றிப் பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் எழுதினார். டீமேக்கர் என்பவர் ஸ்டோரின் உற்பத்தியைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகத்தர். பத்து ஆண்டு கழித்து, 1980இல், தேயிலை கலக்கும் வேலையிலிருந்த 125 தொழிலாளரை ஆராய்ந்து, அவர்களிடையே நாட்பட்ட மார்ச்சளி நோயும் ஆஸ்துமாவும் இருப்பதை உரகொட வெளியிட்டார். 1997இல் ஜயவர்தன, உடுப்பிஹில்ல ஆகிய இருவரும் தேயிலைத் தூசியில் வேலை செய்யும் தொழிற்சாலைத் தொழிலாளரின் மூச்சுத்திறனை அளந்து எழுதினார்கள். ருசி பார்ப்பவரிலும் டீமேக்கரிலும் கவனிக்கப்பட்ட நோய், கூட்டி அள்ளுகிறவர்களின் நெஞ்சிலும் எண்ணிப் பார்க்கப்படுவதற்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

வருடத்தில் மூன்று மாதமாவது சளியோடு இருமல், அதுவும் அடுத்தடுத்து இரண்டு வருடம்: இதைத்தான் நாட்பட்ட மார்ச்சளி என்கிறார்கள். ஆஸ்துமாக்காரர் தூசியை விட்டு விலகினால் பெரும்பாலும் தணிவு காண்பார். ஆனால் வருடக்கணக்கில் அழன்ற மூச்சுக்குழாய், வேலையை விட்ட மறுநாளே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. கமறலும் சளியும் வீடு வரை வரும். வீட்டிலோ விறகடுப்புப் புகை, ஜன்னல் குறைந்த லயக் காம்பிரா, வெளியே பனி. டிஸ்பென்சரிக்குப் போனால் குளிர் என்றோ புகை என்றோ சொல்லி மருந்து கொடுக்க ஆயிரம் நியாயம் உண்டு. ஸ்டோர் தூசியின் பங்கு அதற்குள் மறைந்துபோகிறது.

தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934இல் வந்தது. தூசியை அகற்றுவது பற்றிப் பேசும் தொழிற்சாலைகள் சட்டம் 1942இல் வந்தது. இயந்திரத்தில் அகப்பட்ட விரலின் காயம் கண்ணுக்குத் தெரியும். நாளும் சாட்சியும் இருக்கும். இருமலுக்கு அந்த வசதி இல்லை. அதனால் கிளினிக்கில் இருமலோடு வந்து உட்காரும் ஓய்வுபெற்ற தொழிலாளியிடம், மலையில் வேலையா ஸ்டோரில் வேலையா, சல்லடையில் எத்தனை வருடம் என்று கேட்டு எழுதிக்கொள்வது அவசியம். அப்படி எழுதப்படும் ஒவ்வொரு வரியும் நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைக் காட்ட உதவலாம். இன்று அதே சல்லடைக்கு முன்னால் நிற்பவர்களுக்குத் தூசியுறிஞ்சியும் முகக்கவசமும் கேட்டு வாங்கவும் உதவும்.