உப்பு போட்டும் நிக்காத நீலம்

ஆன்சைட்டுக்கு ஜப்பான் போன ஆறு மாசத்துல நான் உருப்படியா செஞ்ச ஒரே காரியம், கெண்டோ வகுப்புல சேர்ந்ததுதான். மூங்கில் வாள் வச்சு போடுற கத்திச்சண்டை. அதுக்கு கெய்கோகின்னு தடிமனான கருநீலப் பருத்திச் சட்டை போடணும். முதல் நாள் பயிற்சி முடிஞ்சு கண்ணாடியில பார்த்தா கழுத்து, கை, வயிறு எல்லாம் நீலம். சாட்சாத் கிருஷ்ண பரமாத்மா :-)

அம்மாவுக்கு போன் போட்டேன். "புதுத்துணி தானேடா, கல் உப்பு போட்டு ராத்திரி முழுக்க ஊற வை"ன்னாங்க. வச்சேன். வகுப்புல ஒருத்தர் வினிகர் ஊத்தச் சொன்னார். ஊத்தினேன். அடுத்த வாரமும் அதே நீலம், கூடவே ஊறுகாய் வாசனை. ஏன் நிக்கலைன்னு தேடப் போனதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு.

அவுரி நீலம் தண்ணியில கரையாது. நொதிக்க வச்ச தொட்டியில, கரையக்கூடிய மஞ்சள்-பச்சை வடிவத்துக்கு மாறும். துணியை முக்கி எடுத்து காத்துல காட்டினா ஆக்சிஜன் பட்டு, கண்ணு முன்னாடியே திரும்ப நீலமாகும். அப்படி ஆனதும் கரையாத துகளா நூலுக்குள்ள மாட்டிக்கும். நூலோட அதுக்கு வேதிப்பிணைப்பு கிடையாது. உள்ளே மாட்டினது தங்கும், மேலாக ஒட்டினது உரசினா வந்துடும். உப்பும் வினிகரும் வேற வகைச் சாயங்களுக்கு உதவும். இங்க அதுங்களுக்கு வேலையே இல்லை.

ஜப்பான்ல இந்த நீலத்துக்குப் பேர் போன ஊர் ஆவா, அதாவது இன்றைய தொக்குஷிமா. 1585-ல ஆவாவுக்கு வந்த ஹச்சிசுகா வம்சம் அவுரி விவசாயத்தை ஊக்குவிச்சாங்க. யோஷினோ ஆத்துல அடிக்கடி வெள்ளம் வரும், நெல்லுக்கு ஆபத்து. அவுரியை புயல் சீசனுக்கு முன்னாடியே அறுத்துடலாம், வெள்ளம் விட்டுட்டுப் போற வண்டல் அடுத்த வருஷத்துக்கு உரம். அங்க வளர்றது நம்மூர் அவுரி இல்லை, வேற குடும்பத்துச் செடி. ஆனா உள்ளே இருக்கற நீலம் ஒண்ணுதான். இலையைக் காயவச்சு, தண்ணி தெளிச்சு, சுமார் 100 நாள் நொதிக்க வச்சு சுகுமோன்னு ஒரு மக்குச் சாயம் பண்ணுவாங்க. சாமுராய்களுக்கு அடர்நீலம்னா ஒரு ராசி: அந்த நிறத்தோட பேர் 'கச்சி', ஜெயிக்கறதுக்கும் அதே உச்சரிப்பு.

அப்புறம் அடி மேல அடி. மெய்ஜி காலத்துல இந்திய அவுரி இறக்குமதி ஆச்சு. 1897-ல ஜெர்மனியோட பிஏஎஸ்எஃப் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுல நம்ம பீகார் அவுரியும் சேர்ந்துதான் அடி வாங்கிச்சு. 1903-ல தொக்குஷிமாவுல சுமார் 15,000 ஹெக்டேர் இருந்த சாகுபடி, 1966-ல வெறும் 4 ஹெக்டேர். இடையில இரண்டாம் உலகப் போர் வந்து, சாப்பாட்டுப் பயிர்தான் முக்கியம்னு அவுரிக்குத் தடை. விதை ஒரு வருஷம் தாண்டினா முளைக்கறது கஷ்டம். அதனால சிலர் வருஷா வருஷம் ரகசியமா விதைச்சு காப்பாத்தினாங்க. 1945-ல தோத்த பிறகு நேசநாடுகளோட ஆக்கிரமிப்பு நிர்வாகம் கெண்டோவுக்கும் தடை போட்டது. 1952-ல அகில ஜப்பான் கெண்டோ சம்மேளனம் உருவாகி, ஆட்டம் திரும்ப எழுந்தது.

செயற்கையோ இயற்கையோ, நீல மூலக்கூறு ஒண்ணேதான். அதனால ரெண்டுமே சாயம் போகும். வித்தியாசம் சாயக்காரர் கையில இருக்கு. ஒரே முக்கில் கெட்டியா ஏத்தினது சீக்கிரம் உதிரும். மெல்லிசா பல தடவை முக்கி, ஒவ்வொரு தடவையும் காத்தாட விட்டது ஆழமாப் போய் உட்காரும்.

வாங்கின நமக்கு பாக்கி இருக்கறது ஒரே வேலை, ஒட்டாத மிச்சத்தை வெளியேத்தறது. சோப்பு இல்லாம பச்சைத்தண்ணியில தனியா ஊற வைங்க. கசக்காம அமுக்கி அலசுங்க. தண்ணி தெளியற வரைக்கும் மாத்துங்க. நிழல்ல காயப்போடுங்க. வெள்ளை பனியனைப் பக்கத்துல விடாதீங்க.

எனக்கு ஏழு பக்கெட் ஆச்சு. இன்னமும் கழுத்துல கொஞ்சம் ஒட்டுது. முன்ன மாதிரி எரிச்சல் வர்றதில்லை. ரகசியமா விதை காப்பாத்தினவங்க இல்லைன்னா அந்த சுகுமோ நீலமே இன்னிக்கு இருந்திருக்காதே!

அம்மாகிட்ட மட்டும் உப்பு வேலை செஞ்சுதுன்னு சொல்லியிருக்கேன். போட்டுக் குடுத்துடாதீங்க :-)