ஆயிரம் மணி நேரத்துக்கு யார் காசு கொடுக்கறது?



நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம் இருக்கும். மூணு ஃப்ரெஷர்ஸை எங்கிட்ட ஒப்படைச்சு, "நீயே ட்ரெயின் பண்ணிடு"ன்னுட்டாங்க. எனக்கே பாதிதான் புரிஞ்சிருந்துச்சு. நல்லவேளை, நான் தப்பா சொல்லிக் கொடுத்தா மிஞ்சிப்போனா பில்டுதான் உடையும். இதே ஏற்பாடு ரெண்டு சீட் ஹெலிகாப்டருக்குள்ள நடந்தா? அமெரிக்காவுல அதுதான் வழக்கம். அது எப்படி வந்துச்சுன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

அமெரிக்காவில் ஹெலிகாப்டர் ஓட்டிச் சம்பாதிக்க கமர்ஷியல் லைசென்ஸ் வேணும். அதுக்கு 150 மணி நேர அனுபவம் போதும். ஆனா டூரிஸ்டுகளை ஏத்திட்டுப் போற கம்பெனியும், கடல் நடுவுல எண்ணெய்க் கிணத்துக்கு ஆள் கொண்டுபோற கம்பெனியும் வழக்கமா 1,000 மணி நேரம் கேட்பாங்க. நடுவுல இருக்கற 850 மணி நேரத்தைச் சொந்தக் காசுல பறந்து முடிக்கணும்னா சொத்தை விக்கணும். அதனால புது பைலட் பயிற்றுநர் ஆகிடறார். வாடகையை மாணவர் கட்டுவார். பறந்த நேரம் பயிற்றுநரோட லாக்புக்லயும் ஏறிடும்.

ஒரு காலத்துல இந்தப் பள்ளம் இவ்வளவு பெருசாத் தெரியல. காரணம், வியட்நாம் போர். டெக்சாஸ்ல இருந்த ஃபோர்ட் வோல்டர்ஸ் ராணுவத் தளத்துல மட்டும் 1956-லிருந்து 1973 வரைக்கும் சுமார் 40,000 பேர் ஹெலிகாப்டர் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. போர் முடிஞ்சு ஊர் திரும்பினவங்களை எண்ணெய்க் கம்பெனிகளும் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் சேவைகளும் வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க. அவங்க பறந்த நேரத்துக்கு அரசாங்கம் ஏற்கெனவே காசு கொடுத்திருந்துச்சு. உயிரால விலை கொடுத்தவங்க கணக்கு வேற.

அதே 1973-ல ஃபிராங்க் ராபின்சன்னு ஒரு இன்ஜினியர், வேலையை விட்டுட்டு வீட்லயே ஒரு கம்பெனி ஆரம்பிச்சார். அவர் வடிவமைச்ச ஆர்22-க்கு 1979-ல அரசு அனுமதி கிடைச்சது. தனிநபர் கார் மாதிரி வெச்சு ஓட்டற மெஷினா இருக்கணும்ங்கறதுதான் அவர் எண்ணம். ஆனா விலை குறைவா இருந்ததால பயிற்சிப் பள்ளிகள் அதை அள்ளிக்கிட்டுப் போச்சு.

சிக்கல் என்னன்னா, ஆர்22-வோட விசிறி ரொம்ப இலகு. இன்ஜின் நின்னா, ஒன்றிரண்டு விநாடியில இடது கை லீவரை இறக்கணும். தாமதிச்சா விசிறியோட சுழற்சி குறைஞ்சு, திரும்ப மீட்கவே முடியாத நிலைக்குப் போயிடும். பழகாத கைக்கு அந்த ஒரு விநாடி ரொம்பச் சின்னது. தொடர் விபத்துகளுக்கு அப்புறம் 1995-ல அமெரிக்க விமானத்துறை தனி விதி போட்டுச்சு: ஆர்22-ல சொல்லிக் கொடுக்கணும்னா ஹெலிகாப்டர்ல 200 மணி நேரம், அதுல 50 மணி நேரம் ஆர்22-லயே பறந்திருக்கணும். டூரிஸ்டை ஏத்த 1,000, ஒண்ணும் தெரியாத மாணவர் கையில கன்ட்ரோலைக் கொடுக்க 200. இது எனக்கு இன்னும் இடிக்குது.

இப்ப ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மாணவரோட நீங்க 120 மணி நேரம் பறக்கறீங்கன்னு வெச்சுக்குங்க. 200-லிருந்து 1,000-க்குப் போக ஆறேழு மாணவர் வேணும். அந்த ஏழு பேரும் இதே வழியில வந்தா அடுத்து 49 பேர். அதுக்கடுத்து 343. எம்.எல்.எம். மீட்டிங்ல போர்டுல வரைவாங்களே, அதே படம்!

2008 பிப்ரவரியில அந்தப் படம் கிழிஞ்சது. லாஸ் வேகஸைத் தலைமையிடமா வெச்சு நாடு முழுக்க கிளை நடத்தின சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ், ஒரு ஞாயித்துக்கிழமை திடீர்னு மூடிட்டு திவால் மனு போட்டுச்சு. 2,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தெருவுக்கு வந்தாங்க. பலர் கல்விக் கடன் வாங்கி, சுமார் 70,000 டாலர் கட்டணத்தை முன்கூட்டியே மொத்தமா கட்டியிருந்தாங்க. பயிற்றுநர்களுக்கும் அன்னைக்கே வேலை போச்சு.

சொல்லிக் கொடுத்தா நாமளும் கத்துக்கறோம்ங்கறது உண்மைதான். மாணவரோட தப்பைத் திரும்பத் திரும்பத் திருத்தின கை, ஆபத்துல வேகமா அசையும். ஆனா அந்த அனுபவத்துக்கு யார் காசு கொடுத்தாங்கன்னு பாருங்க. போர்க்காலத்துல அரசாங்கம். அப்புறம், கடன் வாங்கின இருபது வயசுப் பிள்ளைங்க. "1,000 மணி நேரம் வேணும்"னு விளம்பரம் போட்ட கம்பெனி, அதுல ஒரு மணி நேரத்துக்குக்கூடக் காசு கொடுக்கல.

அடுத்த தடவை "ரெண்டு வருஷ அனுபவம் கட்டாயம்"னு ஒரு ஜாப் போஸ்ட் பார்த்தா, இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.