கருப்புப் பூஞ்சை ஊசிக்குள் இருந்த கொழுப்பு உருண்டை



மருந்துக்கடை வைத்திருக்கும் என் மாணவன் ஒருவன் போன வாரம் கேட்டான்: "டீச்சர், நானோ துகள், நானோ மருத்துவம் ரெண்டும் ஒண்ணுதானே?" ஒன்றல்லப்பா. துகள் என்பது பொருள். தங்கத்திலும் செய்யலாம், இரும்பிலும் செய்யலாம், கொழுப்பிலும் செய்யலாம். நோயாளியின் உடம்புக்குள் அதற்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பும்போதுதான் அது மருத்துவம். இதைப் புரிந்துகொள்ள 2021-இல் கருப்புப் பூஞ்சைக்காக ஊர் ஊராகத் தேடி அலைந்தோமே, அந்த ஆம்போடெரிசின் ஊசியின் கதையே போதும்.

மருந்து பழையது. 1950களில், வெனிசுவேலா நாட்டு ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்தார்கள். பூஞ்சையின் செல் சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் உண்டு. மருந்து அதைப் பிடித்துக்கொண்டு சவ்வைக் கெடுக்கும், பூஞ்சை சாகும். சங்கடம் என்னவென்றால், நம் செல் சவ்வில் உள்ள கொலஸ்ட்ரால் அதற்கு நெருங்கிய சொந்தம். மருந்துக்கு ஆள் அடையாளம் அவ்வளவு சரியாகத் தெரியாது. ஊசி ஏறும்போதே குளிரும் காய்ச்சலும் தூக்கிப்போடும். நாளாக ஆக சிறுநீரகம் பழுதாகும். ஆனாலும் அதைவிட்டால் வேறு வழி இல்லாமல் பல வருஷம் அதையே கொடுத்தார்கள்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் பாப்ரகாம் என்ற ஊரில் அலெக் பேங்கம் என்று ஓர் ஆய்வாளர். மருந்து செய்யும் எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. முட்டை மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் என்ற கொழுப்பைத் தண்ணீரில் கலந்து, ஹார்ன் என்பவரோடு சேர்ந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். கொழுப்பு தானாகவே வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கான உருண்டையாகியிருந்தது. நடுவில் தண்ணீர். 1964-இல் எழுதி வெளியிட்டார்கள். நண்பர்கள் வேடிக்கையாக 'பேங்கசோம்' என்றார்களாம். நிலைத்த பெயர் லைப்போசோம். இதற்குள் மருந்தை ஏற்றி அனுப்பலாம் என்று 1970களின் தொடக்கத்தில் வற்புறுத்தியவர் கிரிகோரி கிரிகோரியாடிஸ்.

ஆம்போடெரிசின் கொழுப்போடு ஒட்டும் குணம் உள்ளது. அதனால் அது உருண்டையின் உள்ளே மிதக்காமல் சுவரிலேயே பதிந்து உட்கார்ந்துகொள்கிறது. 100 நானோமீட்டருக்கும் குறைவான உருண்டை அது. தலைமுடியின் அகலத்துக்குள் நூற்றுக்கணக்கில் வரிசையாக வைக்கலாம். சுவரைவிட்டு மருந்து சுலபமாகக் கழன்று வராததால் சிறுநீரகத்துக்கு அடி குறைவு. பூஞ்சையிடம் போனதும் அதைப் பிடித்துக்கொள்கிறது. இந்த வகை 1990-இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. மருந்து அதேதான். வண்டிதான் வேறு.

வண்டி மாறினால் என்ன பெரிய வித்தியாசம் என்பவர்கள் பீகாரைப் பார்க்கலாம். அங்கே காலா அசார் என்ற உயிர்க்கொல்லிக் காய்ச்சலுக்கும் இதே மருந்துதான். பழைய வகையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று 15 முறை ஏற்ற வேண்டும். 29 நாள் ஆகும். உருண்டை வகையை ஒரே ஒரு முறை ஏற்றினால் ஏறக்குறைய அதே அளவு குணமாகிறது என்று 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டிலும் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் பிழைத்து எழுந்தார்கள். தினக்கூலிக்காரனுக்கு 29 நாள் என்றால் என்னவென்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி 2021-க்கு வருகிறேன். கணக்கு வாத்தியார் வேலையை விட மனசில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம் என்றால், 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 300. ஒரு குப்பியில் 50. ஆக 6 குப்பி. மூன்று வாரத்துக்கு 126 குப்பி, ஒரே ஓர் ஆளுக்கு! எல்லா உருண்டையும் நுண்ணிய, சீரான அளவில், கிருமியில்லாமல் வரவேண்டும். நினைத்தவுடன் செய்துவிட முடிகிற பண்டமா அது? விலையும் பழைய வகையைப்போலப் பல மடங்கு.

என் சித்தி மகனுக்கு முதல் நாலு நாள் பழைய வகைதான் கிடைத்தது. கிரியேட்டினின் 1.1-லிருந்து 2.6-க்கு ஏறியது. ஐந்தாம் நாள் உருண்டை வகை வந்ததும் மாற்றினார்கள். எண் மெல்ல இறங்கியது. இடது கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. சிறுநீரகம் பிழைத்தது. இப்போதும் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போகும்போதெல்லாம் கிரியேட்டினினையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, எண்ணை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறான்.